பங்குனியில் சும்மா இருந்த நகல்

மார்ச் பிறந்துவிட்டால் இளம்பரிதிக்குப் பச்சை மை போதாது. தில்லைமேடு வட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மீன்குளங்கள். குளத்துக்கு ஐந்து தாய்மீன், மீனுக்கு ஒரு துடுப்புத் துண்டு, துண்டுக்கு ஓர் உறை. அத்தனை உறைகளையும் முப்பத்தொன்றாம் தேதிக்குள் பிரித்து, மரபணுவைக் காட்டும் இழைநோக்கியில் வைத்துப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்திட்டு மேலே அனுப்பியாக வேண்டும். நிதியாண்டு முடிவுக்கும் மீனின் மரபணுவுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்டதில்லை. அரசாங்கத்தில் எல்லாம் மார்ச்சில் முடியும்போது மீன் மட்டும் எதற்கு விதிவிலக்கு?

அவர் நகல் சரிபார்ப்பு அலுவலர். நகலேற்றி வந்த பிறகு உண்டான பதவி அது. கடல் சூடேறி வலையில் மீன் விழாமல் போனதும் கடைமடை வயல்களெல்லாம் குளங்களாகி, குளங்களில் கொடுவா மீன் வளர்ந்தது. கோடையில் குளம் சுண்டி உப்பேறியபோது கொடுவாவும் செத்தது. அப்போதுதான் நகலேற்றி வந்தது. மீன் முட்டைக்குள் எந்த மரபணு வேண்டுமோ அதற்கு இன்னொரு பிரதி ஏற்றிக் கொடுக்கும் இயந்திரம். மீனின் உடம்பில் உப்பை அளவாக வைத்துக்கொள்ளும் மரபணுவுக்கு உப்புவாரி என்று பெயர். அதற்கு ஒரு நகல் ஏற்றிய கொடுவா எந்தக் கோடையையும் தாங்கியது. ஊருக்கு நான்கு பொரிப்பகம் முளைத்தது. அங்கே குஞ்சு வாங்கப் போனவர்கள் பத்திர நகல் எடுக்கிற பழக்கத்தில், "எதுக்கும் இருக்கட்டும், இன்னொரு காப்பி சேத்துப் போடுங்க" என்று கேட்டுக் கூடுதலாக ஏற்றிக்கொண்டும் வந்தார்கள்.

இது மனிதன் கண்டுபிடித்த வித்தை அல்ல. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் மீன்களின் மூதாதை ஒன்றுக்கு மரபுத்தொகுதி முழுவதுமே தவறுதலாக இரட்டித்துப் போனது. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்ததால் மற்றதற்கு வேலையில்லை. வேலையில்லாதவற்றில் பெரும்பாலானவை காலப்போக்கில் சிதைந்து மறைந்தன. சில மட்டும் ஊர் சுற்றிப் புது வேலை பிடித்துக்கொண்டன. பின்னொரு காலத்தில் தென்துருவக் கடல் மீன் ஒன்றுக்கும் இப்படித்தான் ஆனது. அதன் இரத்தம் குளிரில் பனிக்கட்டியாகிவிடாமல் இன்று காப்பது, செரிமான வேலை பார்த்த மரபணு ஒன்றின் உதிரி நகல்தான்.

இயற்கைக்குக் கோடி ஆண்டு பிடித்த வேலை, பொரிப்பகத்தின் கருமுடுக்கித் தொட்டியில் மாதக் கணக்கில் நடந்தது. அங்கே எட்டு நாளைக்கு ஒரு தலைமுறை. ஒரு முறை எங்கோ ஒரு பண்ணையில் சும்மா கிடந்த நகல் ஒன்று புது வேலை கற்றுக்கொண்டு மீனின் சதையில் கசப்பை ஊறவைத்தது. குழம்பு வைத்தவர்கள் சட்டியோடு தெருவில் ஊற்றினார்கள். அரசாங்கம் பயந்துபோய் விதி போட்டது. 'பணிபுரிவது மூலம், பணியற்றிருப்பது நகல். நகல் களையப்பட வேண்டும்.' எது பணிபுரிகிறது என்று இழைநோக்கி காட்டும். அலுவலர் கையெழுத்திடுவார். சித்திரையில் தாய்மீனுக்குக் களைவூசி போடுவார்கள். ஊசி கருவணுவரை போய் அந்த நகலைத் துடைத்துவிடும்.

இளம்பரிதி பதினோரு ஆண்டுகளாக இந்த விதிப்படி ஒரு பிழையும் இல்லாமல் கையெழுத்திட்டு வந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு குளத்தையும் நேரில் பார்த்ததில்லை என்பதில் வருத்தம் எதுவும் இல்லை.

குளங்களைப் பார்ப்பதற்கு ஜமீலா இருந்தார். அவரும் நகல் சரிபார்ப்பு அலுவலர்தான். அதே அலுவலகம், அதே பதவி, அதே ஒரே பணியிடம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இளம்பரிதியை இராமநாதபுரத்துக்கு மாற்றி, அவர் இடத்துக்கு ஜமீலாவைப் போட்டார்கள். இளம்பரிதி நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கி வந்தார். அதற்குள் ஜமீலா பணியில் சேர்ந்துவிட்டார். வழக்கு இன்றுவரை விசாரணைக்கு வரவில்லை.

அலுவலகத்தில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. முதல் நாள் இளம்பரிதி ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். ஜமீலா வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் போனார். அன்றிலிருந்து அப்படியே. மழைக்காலத்தில் குளம் குளமாகச் சேற்றில் இறங்குவது அவர், கோடையில் காகிதம் பார்ப்பது இவர். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைப்பார்கள். இளம்பரிதிக்கு மீனைக் கையில் பிடிக்கவே கூசும். ஜமீலாவுக்கு ஒரு விண்ணப்பத்தை ஒழுங்காக நிரப்ப வராது. இப்படியே அவர்கள் பதவி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டு மார்ச் இருபதாம் தேதி பொற்செழியன் வந்து சேர்ந்தார். பணியிடத் தணிக்கையர். ஒரு வேலைக்கு இரண்டு ஆள் இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து ஓர் ஆளை நீக்குவது அவர் வேலை. நான்கு நாள் அலுவலக மூலையில் நின்று கவனித்தார். இளம்பரிதி காலையிலிருந்து மாலைவரை உறை பிரித்தார், பார்த்தார், கையெழுத்திட்டார். ஜமீலா சன்னல் திண்டில் உட்கார்ந்து பூட்ஸின் கிழிசலை ஒட்டினார். மார்ச்சில் அவருக்கு வேறு வேலை கிடையாது.

"சார், மீன்ல எது ஒரிஜினல், எது காப்பின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டார் பொற்செழியன்.

"எது வேலை பாக்குதோ அது ஒரிஜினல் சார். சும்மா இருக்கறது காப்பி."

"அட, நல்ல விதியா இருக்கே. இதையே நான் ரிப்போர்ட்ல போட்டுக்கறேன்." அவர் சன்னல் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கவலையே பட வேணாம்."

இளம்பரிதிக்கு மனசு குளிர்ந்துபோனது. பதினோரு ஆண்டு வழக்கில் கிடைக்காத தீர்ப்பு, நான்கு நாளில் வந்துவிட்டது. ஜமீலாவுக்குக் கேட்டிருக்கும் என்று தெரிந்தும் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் அஞ்சுகம் வந்தாள். கீழக்குளத்துக்காரி. கையில் மூடி போட்ட வாளி, அதில் ஒரு கொடுவா வாலை அடித்துக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த உத்தரவை எடுத்து மேசையில் விரித்தாள். இரண்டு நாள் முன்பு இளம்பரிதி கையெழுத்திட்ட உத்தரவு. 'கீழக்குளம்: உப்புவாரி இரண்டு பிரதி. முதல் பிரதி பணியற்றது. களைக.'

"சார், இந்த ஊசி என் மீனுக்கு வேணாம்."

"விதிம்மா. எல்லாருக்கும் போடறதுதான்."

"எல்லாருக்கும் போட்டீங்க, எல்லாருக்கும் செத்துச்சு. ஊசி போட்ட குளம் ஒண்ணாச்சும் ஐப்பசி அடைமழையத் தாண்டியிருக்கா? என் குளம் ஆறு வருஷமா தாண்டுது. ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

அஞ்சுகம் கொஞ்சம் நெளிந்தாள். பிறகு ஆனது ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள். "நான் என் மீனோட துடுப்ப அனுப்புனதே இல்ல சார். சந்தைக்கு எப்பவாச்சும் வர்ற கடல் கொடுவா ரெண்டு வாங்கி அதுல வெட்டி அனுப்பிருவேன். அதுல நகலே கெடையாதா, நீங்களும் ஊசி வேணாம்னு எழுதிருவீங்க. இந்த வருஷம் சந்தைக்குக் கடல்மீனே வரல. வேற வழியில்லாம சொந்த மீன வெட்டி அனுப்புனேன், மாட்டிக்கிட்டேன்."

இளம்பரிதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு ஆண்டாகத் தன் பிழையில்லாத பதிவேட்டில் இவள் சந்தை மீனைக் கலந்திருக்கிறாள். "இது குற்றம், தெரியுமில்ல? இதுக்கே உங்க உரிமத்த ரத்து பண்ணலாம்."

"பண்ணிக்கங்க. ஆனா மீனக் கொல்லாதீங்க. என் பொழப்பே அந்த அஞ்சு தாய்மீனுதான். நான் சொல்றது பொய்னா மேடத்தக் கேளுங்க. செத்ததையெல்லாம் அவங்கதான் எங்களோட நின்னு அள்ளிக் கொட்டுனாங்க."

மேடத்தைக் கேட்பதா! இளம்பரிதி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கேட்காமல் விட்டால் யாரும் அவரைக் குறைசொல்லப் போவதில்லை. தணிக்கையர் மனசில் ஏற்கெனவே முடிவு கட்டியாகிவிட்டது. ஆனால் வாளிக்குள் அந்த மீன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றார். பதினோரு ஆண்டில் அவர் வாயிலிருந்து ஜமீலாவுக்காக வந்த முதல் சொல் அது. "இவங்க சொல்றது... உண்மையா?"

ஜமீலா பூட்ஸைக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஈரத்தில் ஊறிக் காய்ந்து தடித்துப்போன நோட்டு. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகையில் எந்தக் குளம் எந்தத் தேதியில் செத்தது என்ற பட்டியல். தலைப்பில் 'மழைநோய்' என்று இருந்தது.

"மழைநோய்னு மேல எழுதி அனுப்பிக்கிட்டே இருந்தேன் சார். மருந்து அனுப்புனாங்க. தெளிச்சோம். கேக்கல."

"எந்தெந்தக் குளத்துக்கு ஊசி போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அது உங்க பதிவேட்டுல இருக்கு. உங்க பதிவேட்ட நான் தொட்டா நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க."

இளம்பரிதி தன் பதிவேட்டைத் திறந்து நோட்டின் பக்கத்தில் வைத்தார். ஒரு விரல் இவர் பட்டியலில், ஒரு விரல் அவர் பட்டியலில். வடக்குப்புஞ்சை, ஊசி, வடக்குப்புஞ்சை, சாவு. சம்பாக்குளம், ஊசி, சம்பாக்குளம், சாவு. பதினைந்து வரியில் ஒன்றுகூட விலகவில்லை. நாற்பது வரியில் நிறுத்திவிட்டார். அந்தப் பச்சைக் கையெழுத்துகளைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆனா ஏன்?" என்றார். "நான் பாத்தப்ப அந்தப் பிரதி சும்மாதானே இருந்துச்சு?"

ஜமீலா வாளிக்குள் குனிந்து பார்த்தார். "நீங்க எப்பப் பாத்தீங்க?"

"மார்ச்ல."

"எப்பவும் மார்ச்லதானா?"

"எப்பவும் மார்ச்லதான்."

ஜமீலா தலையில் அடித்துக்கொண்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். அங்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் உப்புக் குளத்து நீரோடு மீனை விட்டு, மணிக்கொரு தரம் நல்ல தண்ணீரைக் கலந்துகொண்டே வந்தார். மூன்றாம் நாள் டிரம்மில் இருந்தது முழுக்க நல்ல தண்ணீர். குளத்தில் அடைமழை செய்வதை அவர் டிரம்மில் செய்துவிட்டார். மீன் திடமாக இருந்தது. அதன் செவுளிலும் துடுப்பிலும் இருந்து ஒரு துணுக்கை எடுத்து இளம்பரிதி இழைநோக்கியில் வைத்தார்.

முதல் பிரதி மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டாம் பிரதி சும்மா கிடந்தது.

விஷயம் அவ்வளவுதான். உப்பு நீரில் மீன், உடம்புக்குள் புகும் உப்பை வெளியே வாரிப் போட வேண்டும். நல்ல நீரில், வெளியே கசியும் உப்பை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். பழைய உப்புவாரி ஒன்றே இரண்டையும் அரைகுறையாகச் சமாளித்து வந்தது. நகல் வந்து, கருமுடுக்கியில் தலைமுறைகள் கடந்தபின், இரண்டும் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டன. ஒன்று கோடையை எடுத்துக்கொண்டது, மற்றது மழையை. தன் பங்கைத் தவிர மற்றதை இரண்டுமே மறந்துவிட்டன. கோடையில் வந்து பார்ப்பவனுக்கு மழைக்காலத்துக்காரன் சோம்பேறியாகத்தான் தெரிவான்.

"அப்ப இதுல எது சார் ஒரிஜினல்?" என்று கேட்டாள், மீனைப் பார்க்க மறுபடி வந்திருந்த அஞ்சுகம்.

இளம்பரிதியின் பார்வை இழைநோக்கியிலிருந்து கிளம்பி, சன்னல் திண்டில் கிடந்த பூட்ஸுக்குப் போய், தன் நாற்காலிக்கு வந்து நின்றது. மீனைப் பற்றி உண்மையை எழுதினால் அது மீனோடு நிற்காது. தணிக்கையர் எடுத்துக்கொண்டது அவர் கொடுத்த விதியைத்தான். விதி மீனுக்குப் பொய்யென்றால் நாற்காலிக்கும் பொய். அதைவிட, பதினோரு ஆண்டாகக் குளங்களைக் கொன்றது யார் என்று தன் பச்சை மையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

"எழுதுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு, பிறகு அவருக்குக் காகித வேலை வராது என்பது நினைவு வந்தவராகத் தானே பேனாவை எடுத்தார். "இல்ல, நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

ஜமீலா சொல்லச் சொல்ல அவர் அலுவலகத் தமிழில் எழுதினார். ஒரு முழுநாள் ஆனது. சம்பாக்குளம் செத்த நாளை ஜமீலா சொன்னபோது அவர் குரல் உடைந்தது. இளம்பரிதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கடைசிப் பத்தி இப்படி முடிந்தது: 'இரண்டில் எதுவும் நகலன்று. எதுவும் மூலமும் அன்று. மூலம் என்று தனியே ஒன்று இப்போது இல்லை. அதன் பணி இரண்டிடமும் பிரிந்து வாழ்கிறது. ஒன்றை நீக்கினால் மற்றதும் அழியும்.' கீழே பச்சை மையில் இரண்டு கையெழுத்து. அதன் ஒரு பிரதியைப் பொற்செழியனுக்கும் அனுப்பி, 'இது எங்கள் பணியிடத்துக்கும் பொருந்தும்' என்று ஓர் இணைப்புக் கடிதமும் வைத்தார்கள்.

பதில் வரும்வரை எல்லாக் குளங்களுக்கும் ஊசியை நிறுத்தி வைக்க இளம்பரிதி துண்டுச் சீட்டு எழுதப் போனார். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஜமீலாவிடம் வாயாலேயே சொன்னார்.

சித்திரை கடைசியில் பதில் வந்தது. அரசாங்கம் அவர்கள் வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லைக்கூட மறுக்கவில்லை. இளம்பரிதி உரக்கப் படித்தார்.

'அலுவலர்களின் கூட்டறிக்கை ஏற்கப்படுகிறது. அதன்படி, மேற்படி பணியிடத்தில் மூல அலுவலர் என்று எவரும் தற்போது இல்லை என்பது அவர்களாலேயே உறுதி செய்யப்பட்டுள்ளது. எனவே பணியிடம் கடந்த பதினோரு ஆண்டுகளாகக் காலியாக இருந்ததாகக் கருதப்படும். இருவரும் இன்று பிற்பகல் முதல் விடுவிக்கப்படுகிறார்கள். புதிய அலுவலர் பொறுப்பேற்கும்வரை களைவூசி எதுவும் போடப்படக் கூடாது. பணியிடத்துக்கு இருவரும் விண்ணப்பிக்கலாம். சான்றுகளின் நகல்களில் நகல் சரிபார்ப்பு அலுவலரின் சான்றொப்பம் கட்டாயம்.'

படித்து முடித்து உத்தரவை மேசையில் வைத்தார்.

"அந்த அலுவலர்தான் இல்லியே," என்றார் ஜமீலா. "அப்ப யாரு கையெழுத்துப் போடுவாங்க?"

"யாரும் போட முடியாது."

"அப்ப யாரும் வேலைக்கு வர முடியாது."

"வர முடியாது."

"அப்ப ஊசியும் கெடையாது?"

இளம்பரிதி மறுபடியும் உத்தரவைப் படித்தார். "கெடையாது."

ஜமீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை போன துக்கத்தில் இருந்த இளம்பரிதிக்கும் அதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபின் இளம்பரிதி நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, பச்சை மைப் புட்டியை மேசைமேல் வைத்தார். இருவரும் ஒன்றாக வெளியே வந்தது அன்றுதான்.

ஐப்பசியில் பன்னிரண்டு நாள் விடாமல் மழை. நானூற்றுப் பன்னிரண்டு குளமும் நிரம்பி, உப்பு கரைந்து, நல்ல நீரானது. பொரிப்பகத்திலிருந்து புதுக் குஞ்சு வாங்கி விட்டவர்கள், ஆண்டுதோறும் செய்வதுபோல வலையோடும் கூடையோடும் சாவை எதிர்பார்த்துக் கரையில் நின்றார்கள். எந்தக் குளமும் சாகவில்லை. அஞ்சுகத்தின் குளத்தில் இளம்பரிதி முழங்கால்வரை இறங்கி நின்றார், ஜமீலாவின் கிழிந்த பூட்ஸில். வேலையில்லாமல் வீட்டில் உட்கார முடியாமல் தீவனம் போட வந்தவர், ஐந்து மாதத்தில் மீன் பிடிக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். ஜமீலா கரையில் குடைக்குள் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு விண்ணப்பத்தை நிரப்பப் பழகிக்கொண்டிருந்தார். அதை வாங்க ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மூன்றாவது தாளில் ஓரளவு வந்துவிட்டது.

மத்தியானம் மழை விட்டபோது வரப்பில் ஒருவர் வழுக்கி வழுக்கி வந்துகொண்டிருந்தார். கையில் தோல் பை, காலில் அலுவலகச் செருப்பு. பக்கத்தில் வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு தன்னை அறிமுகம் செய்துகொண்டார். புதிய பணியிடத் தணிக்கையராம். பொற்செழியனை மாற்றிவிட்டு அவர் இடத்தில் இவரைப் போட்டிருக்கிறார்கள். தில்லைமேட்டுப் பணியிடத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டு, மார்ச்சுக்குள் களைவூசி வேலையை மீண்டும் தொடங்க வேண்டும் என்று உத்தரவு.

இளம்பரிதியின் முகம் செத்துவிட்டது. "அப்ப பொற்செழியன் சார்?"

"அவரு ஸ்டே வாங்கிட்டாரு சார். காலைல எனக்கு முன்னாடியே வந்து நாற்காலியில உக்காந்துக்கிட்டாரு. அங்க வேற நாற்காலியும் இல்ல." அவர் சேறு அப்பிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குளத்தில் ஒரு கொடுவா துள்ளி விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மா இருக்கவும் பிடிக்கல மேடம்," என்றார் ஜமீலாவைப் பார்த்து. "இந்தக் குளத்தையெல்லாம் ஒரு தடவ நேர்ல பாத்துரலாம்னு நெனைக்கிறேன். எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாம்?"

ஜமீலா விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். இளம்பரிதி தண்ணீரிலிருந்து கரையேறி, பூட்ஸைக் கழற்றி புதியவரிடம் நீட்டினார்.